டன்விச் டைனமோ: இரவு றோட்டில் ஒரு வழமை

ஒவ்வொரு வருசமும் யூலை மாதத்தில், பறுவத்துக்குக் கிட்டவாக வரும் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கிழக்கு லண்டனில் ஹக்னி என்ற பகுதியிலுள்ள லண்டன் ஃபீல்ட்ஸ் பூங்காவில் சைக்கிள்காரர் கூடத் தொடங்குவார்கள். பந்தயச் சைக்கிள், கூடை கட்டின சைக்கிள், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள், செயின் கிறீச்சிடுகிற பழைய சைக்கிள் எல்லாம் வரும். எட்டு, ஒன்பது மணிபோல சின்னச் சின்னக் கூட்டமாகக் கிளம்புவார்கள். விடிய விடிய மிதித்து, சுமார் 180 கிலோமீற்றர் தள்ளி, சஃபோக் மாவட்டத்தின் கரையிலுள்ள டன்விச் என்ற ஊரில் கடலைக் காண்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஏறி மிதித்தால் வவுனியாவையும் தாண்டி, மதவாச்சியையும் கடக்கிற தூரம் அது.

இந்த ஓட்டத்துக்கு 'டன்விச் டைனமோ' என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கூட்டமாகத் தொடங்கினது. இப்ப நல்ல காலநிலை உள்ள வருசங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போகினம். பதிவு இல்லை, கட்டணம் இல்லை, நெஞ்சில் குத்துகிற இலக்கம் இல்லை. முதலில் வந்தவர் யார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. சைக்கிள் உடைந்தால் ஏற்றிக்கொண்டுபோக வாகனம் வராது. ரியூப் காத்துப்போனால் நீங்களே ஒட்டவேணும், இல்லாட்டி பின்னால வாறவர் இறங்கி உதவி செய்வார்.

கேட்க ஒரு விளையாட்டுக் கதை மாதிரித்தான் இருக்கும். எனக்கு இதில் பிடித்தது வேறொரு கேள்வி. ஆயிரம் பேர், நடுச்சாமத்தில், ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், ஊர் ஊராக றோட்டை நிறைத்துக்கொண்டு போகலாம் என்ற உரிமை எங்கேயிருந்து வந்தது? அது சட்டப் புத்தகத்தில் ஒரு நாளில் எழுதப்பட்டதில்லை. நூற்றுச் சொச்ச வருசம் ஆக்கள் ஓடி ஓடி உண்டாக்கினது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்பம்.

லாம்பு கொளுத்தினால் றோட்டு உனக்கு

இன்றைக்கு நாங்கள் ஓடுகிற சைக்கிளின் வடிவம் 1885இல் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி செய்த 'றோவர்' சைக்கிளோடு நிலைபெற்றது. இரண்டு சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சில்லுக்குச் செயின். 1888இல் பெல்ஃபாஸ்டில் இருந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லப், காற்றடிக்கிற ரயரைக் கொண்டுவந்தார். குலுங்காமல் நெடுந்தூரம் போகலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான்.

அதே 1888இல் இங்கிலாந்தில் உள்ளூராட்சிச் சட்டம் ஒன்று வந்தது. அதில் ஒரு பிரிவு, சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று அறிவித்தது. குதிரை வண்டிக்காரனுக்கு றோட்டில் என்ன உரிமையோ அதே உரிமை சைக்கிள்காரனுக்கும். அதுவரை ஒவ்வொரு ஊரும் தன்ரபாட்டில் போட்டு வைத்திருந்த சைக்கிள் தடைகள் இதனால் வலுவிழந்தன. ஆனால் அதே பிரிவு ஒரு நிபந்தனையும் வைத்தது. பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, விடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்வரை, முன்னுக்கு விளக்குக் கொளுத்தியிருக்க வேணும். றோட்டைக் கொடுத்த சட்டமே லாம்பையும் கேட்டது. லைற் இல்லாமல் 'டபிள்ஸ்' போய்ப் பொலிசிட்டப் பிடிபட்ட கதை சொல்லாத அப்பப்பாமார் எங்கட பக்கமும் குறைவு.

அதற்கு முந்தி இரவுப் பயணத்துக்கு விளக்கு நிலவுதான். 18ஆம் நூற்றாண்டில் பேர்மிங்ஹாமில் ஜேம்ஸ் வாட் போன்றவர்கள் இருந்த ஒரு அறிஞர் வட்டம் பறுவத்தை அண்டித்தான் கூடும். கூட்டம் முடிந்து வீடு போக வெளிச்சம் வேணுமே. அதனால் அந்த வட்டத்துக்கு 'லூனர்', அதாவது நிலாச் சங்கம் என்றே பெயர் வந்தது. டைனமோ ஓட்டத்துக்குப் பறுவத்தைப் பார்த்து நாள் வைக்கிற பழக்கமும் அந்தப் பழைய அறிவின் மிச்சம்தான்.

முன்விளக்குப் பற்றிப் பெரிய சண்டை வரவில்லை. சண்டை வந்தது பின்விளக்குக்கு. 20ஆம் நூற்றாண்டில் கார்கள் பெருகின. சைக்கிள்காரர் பின்னாலும் சிவப்பு விளக்குப் பூட்டவேணும் என்று காரோட்டிகள் கேட்டார்கள். 1878இல் தொடங்கப்பட்ட சைக்கிள் சுற்றுலாக் கழகம் இதைக் கடுமையாக எதிர்த்தது. இப்ப யோசித்தால் விசர்த்தனம் மாதிரித் தெரியும். பின்னுக்கு ஒரு லைற் பூட்டினால் உயிர் தப்பும்தானே? ஆனால் அவர்களுடைய வாதத்தைக் கவனித்துப் பாருங்கள். வேகமாக வருகிறவன் காரோட்டி. முன்னால் என்ன இருக்கு என்று பார்த்து, நிற்பாட்டக்கூடிய வேகத்தில் வருவது அவன் கடமை. பின்விளக்கைக் கட்டாயமாக்கினால் அந்தக் கடமை கைமாறிவிடும். அடிபட்டவனைப் பார்த்து 'ஏன் நீ வெளிச்சமாய் இருக்கவில்லை' என்று கேட்பார்கள். இருட்டில் நடந்துபோகிற கிழவிக்கும், வழிதப்பி நிற்கிற மாட்டுக்கும் யார் லைற் பூட்டுவது?

இந்த வாதத்தில் அவர்கள் தோற்றார்கள். தோற்கடித்தது போர். 1939 செப்ரெம்பரில் ஜேர்மன் விமானங்களுக்குப் பயந்து பிரித்தானியா முழுவதும் விளக்கணைப்பு வந்தது. தெருவிளக்குகள் அணைந்தன, கார்களின் முகவிளக்குகளுக்கு மூடி போட்டார்கள். அந்த இருட்டில் குண்டுக்குத் தப்பினவர்கள் றோட்டில் செத்தார்கள். 1941இல் மட்டும் 9,169 பேர். பிரித்தானிய வீதிகளில் ஒரு வருசத்தில் இறந்தவர்களின் ஆகக்கூடிய எண்ணிக்கை இன்றுவரைக்கும் அதுதான். போர்க்காலத்தில் கட்டாயமான சிவப்புப் பின்விளக்கு, போருக்குப் பிறகும் சைக்கிளை விட்டுப் போகவில்லை.

றோட்டு கைமாறின கதை

போர் முடிந்த கையோடு பிரித்தானியா சைக்கிள் நாடாகத்தான் இருந்தது. 1949இல் அங்கே சனம் சைக்கிளில் ஓடின மொத்தத் தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீற்றர். நாட்டின் வாகனப் போக்குவரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 1970களின் தொடக்கத்தில் அது 400 கோடி கிலோமீற்றருக்குக் கீழே விழுந்துவிட்டது. இருபத்தைந்து வருசம் காணும், ஒரு நாட்டின் றோட்டு கைமாற. சைக்கிளைத் தடைசெய்து ஒரு சட்டமும் வரவில்லை. 1888இன் உரிமை எழுத்தில் அப்படியே இருந்தது. ஓட ஆளில்லாமல் போனதால் அந்த உரிமை வெறும் எழுத்தாகப் போனது.

டைனமோ தொடங்கின தொண்ணூறுகளின் லண்டன் இந்த இழப்பை உணரத் தொடங்கியிருந்த லண்டன். 1993 தொடக்கம் லெய்ரன்ஸ்ரோன், வான்ஸ்ரெட் பகுதிகளில் 'எம் 11' இணைப்பு வீதிக்காக நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்க அரசு புறப்பட்டது. இளைஞர்கள் மரங்களிலும் கூரைகளிலும் ஏறியிருந்து மறித்தார்கள். கிளெயார்மொன்ற் றோட் என்ற தெருவில் கடைசிவரை இருந்தவர்களை 1994இன் முடிவில்தான் பொலிசாரால் இறக்க முடிந்தது. டைனமோ புறப்படும் ஹக்னியில் இருந்து அந்தத் தெரு சைக்கிளில் கொஞ்ச நேர ஓட்டம்.

அதே 1994இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம், திறந்த வெளியில் இரவில் பாட்டுப் போட்டு ஆடுகிற கூட்டங்களைக் கலைக்கப் பொலிசாருக்கு அதிகாரம் கொடுத்தது. இளம் ஆக்கள் இரவில் கூட்டமாக இருப்பதே சந்தேகத்துக்குரியது என்ற காலம் அது. அந்தக் காலத்தில்தான் மைக் இல்லாமல், மேடை இல்லாமல், தலைவர் இல்லாமல் ஒரு கூட்டம் வருசத்துக்கு ஒருக்கா இரவைத் தன்ர ஆக்கிக்கொள்ளத் தொடங்கியது.

தலைவர் இல்லாத இந்த முறைக்கு லண்டனில் ஒரு கூடப்பிறந்தது உண்டு. 1994 ஏப்ரல் தொடக்கம் ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை, தேம்ஸ் ஆற்றங்கரையில் கூடி நகரத்துக்குள் சுற்றுகிற 'கிரிற்றிக்கல் மாஸ்' ஓட்டம். 2005இல் பொலிசார் அதில் வந்தவர்களிடம் கடிதம் கொடுத்தார்கள்: ஊர்வலம் போவதென்றால் முன்கூட்டியே அறிவியுங்கள், பாதையைச் சொல்லுங்கள் என்று. யார் அறிவிப்பது? அமைப்பாளர் என்று ஒருவரும் இல்லை. பாதை அந்தந்த நேரம் முன்னுக்குப் போகிறவர் திரும்புகிற பக்கம்தான். வழக்கு மேல்நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2008 நவம்பரில் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் முன்னால் முடிந்தது. ஊர்வலச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. வழமையாக நடந்துவருகிற ஊர்வலத்துக்கு முன்னறிவித்தல் தேவையில்லை. பாதை மாதத்துக்கு மாதம் மாறினாலும் இது வழமையான ஊர்வலம்தான் என்று நீதியரசர்கள் சொன்னார்கள்.

வழமை என்ற சொல்லை எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேசவழமை என்று ஒரு சட்டத்தையே வைத்திருக்கிற ஊர். சனம் தொடர்ந்து செய்துவந்தது சட்டமாகிறது என்பது எங்களுக்குத் தெரிந்த விசயம். சனம் செய்வதை விட்டால் அது தேய்ந்துபோகும் என்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

வழமை எல்லா நேரமும் காப்பாற்றாது என்பதையும் சொல்லவேணும். 2012 யூலை 27, லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா இரவு. அன்றைக்கும் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஓடினவர்களில் 182 பேரைப் பொலிசார் கைது செய்தார்கள். உலகமே பார்க்கிற இரவில் றோட்டு யாருடையது என்ற கேள்விக்கு வேறு பதில் வந்தது.

இருட்டுக்குள் ஒரு பாதை

டைனமோ நகரத்தை விட்டு வெளியேறுகிறது. எப்பிங் காட்டைக் கடந்து, எசெக்ஸ் மாவட்டத்தின் ஒடுங்கின றோட்டுகளால் கிரேட் டன்மோ, ஃபிஞ்சிங்ஃபீல்ட், பிறகு சஃபோக்கின் சட்பரி, நீடம் மார்க்கெற் என்று போகும். ஜீபிஎஸ் வராத வருசங்களில் ஆக்களின் கையில் இருந்தது ஒரு கடதாசித் துண்டு. எந்த முடக்கில் எந்தப் பக்கம் என்று அதில் எழுதியிருக்கும். சில சந்திகளில் ஜாம் போத்தலுக்குள் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருப்பார்கள். மற்றபடி வழிகாட்டி என்றால் முன்னுக்குப் போகிறவரின் சிவப்பு லைற். எந்தப் பின்விளக்குக்கு எதிராகப் பழைய கழகம் சண்டை பிடித்ததோ, அதே விளக்கு இங்கே வேறு வேலை செய்யுது. 'என்னை அடிச்சுப்போடாத' என்று காருக்குச் சொன்ன விளக்கு, 'இந்தப் பக்கம் வா' என்று பின்னால வாறவருக்குச் சொல்லுது.

வழியில் சில கிராமத்து மதுக்கடைகள் வழக்கத்துக்குப் பிந்தியும் திறந்திருக்கும். சாமத்தில் ஒரு கிராம மண்டபத்தில் சாப்பாடும் தேத்தண்ணியும் கிடைக்கும். சில வீட்டுக்காரர் வாசலில் மேசை போட்டுப் பலகாரம் விற்பார்கள். கோடையில் அங்கே பொழுது ஒன்பது மணிக்குப் பிறகுதான் படும், விடிய நாலுக்கே கிழக்கு வெளிக்கத் தொடங்கும். முழு இருட்டு என்பது ஐந்து, ஆறு மணித்தியாலம்தான். அந்த நேரத்துக்குள் யாரென்று தெரியாத ஒருவரோடு பக்கத்தில் ஓடி, முகமே பார்க்காமல் முழு வாழ்க்கையையும் கதைத்துவிட்டு, விடிய ஆளை அடையாளம் தெரியாமல் போவது இந்த ஓட்டத்தில் சாதாரணம்.

திரும்பி வருவதுதான் கரைச்சல். டன்விச்சில் புகையிரத நிலையம் கிடையாது. அதனால் தென்லண்டன் சைக்கிள்காரர் குழு ஒன்று பஸ்களும், சைக்கிள் ஏற்ற லொறிகளும் ஒழுங்குபண்ணத் தொடங்கியது. அமைப்பாளர் இல்லாத ஓட்டத்துக்குப் பின்னாலும் இப்படி உழைக்கிற ஆக்கள் இருக்கினம். தலைவர் இல்லை என்பதால் வேலை செய்ய ஆள் இல்லை என்று நினைக்கக்கூடாது. வேலை பலருக்குப் பிரிந்து போயிருக்கு, அவ்வளவுதான்.

கடல் கொண்டுபோன ஊர்

முடிவிடமாக டன்விச்சைத் தெரிந்ததிலும் ஒரு பொருத்தம் இருக்கு. 'டனிச்' என்று சொல்லுவார்கள், எழுத்தில்தான் டன்விச். இன்றைக்கு அது சில வீடுகள், ஒரு மதுக்கடை, கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடை. மத்திய காலத்தில் அது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு பெரிய துறைமுகம். 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே பதிவேடு, அங்கே மூன்று தேவாலயங்கள் இருந்ததாகவும், அந்த ஊர் 68,000 ஹெரிங் மீன் வரியாகக் கட்டியதாகவும் சொல்லுது.

1286இல் பெரும்புயல். கடல் கரையை அரித்து ஊருக்குள் வந்தது. 1328இல் இன்னொரு புயல் துறைமுக வாயை மண்ணாலும் கல்லாலும் அடைத்தது. வியாபாரம் போனது, பிறகு தெருக்கள் போயின, தேவாலயங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஊர் போனபிறகும் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும் 1832 சீர்திருத்தச் சட்டம் வரும்வரை போகவில்லை. பெரிய தொழில் நகரங்களுக்கே ஆசனம் இல்லாத காலத்தில், பாதி கடலுக்குள் கிடந்த ஊருக்கு இரண்டு ஆசனம். கடைசித் தேவாலயமான ஓல் செயின்ற்ஸ் 1904இல் பாறை விளிம்பால் விழத் தொடங்கி 1919இல் முழுதாகக் கடலுக்குள் போனது. பிறகு பல காலம் சேமக்காலையின் எலும்புகள் கரைப்பாறையில் நீட்டிக்கொண்டு நின்றன. கடலுக்கடியில் இன்றும் கோயில் மணி கேட்கும் என்பது ஊர்க் கதை.

ஒரு ஊரே இல்லாமல் போயும் பழைய உரிமை எழுத்தில் இருந்த இடம் அது. ஆக்கள் இல்லாத உரிமை எப்படியிருக்கும் என்பதற்கு டன்விச்சைவிட நல்ல சாட்சி இல்லை. அந்தக் கரைக்குத்தான், எழுத்தில் ஒன்றும் இல்லாத ஒரு கூட்டம் வருசா வருசம் போய்ச் சேருது.

எங்கட டைனமோ

டைனமோ என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு வேறு ஞாபகம் வரும். ரயரில் உரசிச் சுழலுகிற போத்தல் வடிவச் சாமான். மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. 1990இல் போர் மறுபடி தொடங்கினபிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, எரிபொருளும் பற்றரியும் பொருளாதாரத் தடைப் பட்டியலில். சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவில் செய்தி கேட்டார்கள். இங்கேயும் ஜாம் போத்தலில்தான் விளக்கு. அதில் துளி மண்ணெண்ணெய் விட்டுப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள்.

இரவுச் சைக்கிள் பயணமும் எங்களிடம் இருந்தது. ஆனையிறவால் போக முடியாத காலத்தில் சனம் கிளாலிக்குப் போய், இரவில் படகில் கடனீரேரியைக் கடந்தது. சைக்கிளும் படகில் ஏறியது. அங்கே வெளிச்சம் காட்டினால் சாவு. 1993 ஜனவரியில் அந்த நீரேரியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்தை விட்டு லட்சக்கணக்கில் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. கரியரில் மூட்டையும், அதற்கு மேல் ஆச்சியுமாக சைக்கிளை உருட்டிக்கொண்டு. ஓட இடம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு வருசக்கணக்கில் ஊரடங்கு.

டன்விச்சுக்குப் போகிறவர்களின் இரவையும் இதையும் சமன் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் விரும்பிப் போனார்கள், விடிய வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் அவர்களின் வரலாறு எனக்கு ஒன்றைக் காட்டுது: இரவு றோட்டில் போற பழக்கம் ஒருக்கா அறுந்தால், தடை நீங்கினபிறகும் அது தானாகத் திரும்பி வராது. எங்களுக்கு ஊரடங்கு எடுத்துப் பல வருசம். ஆனாலும் பொழுதுபட்டால் பிள்ளைகளை, அதுவும் பெண்பிள்ளைகளை, றோட்டில் விட வீட்டுக்காரருக்குப் பயம். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது சைக்கிள்கள் மறுபடி வெளியே வந்தன. பெற்றோல் வர, அதில் கனக்க மறுபடி சுவரில் சாய்ந்துவிட்டன.

வழமை ஒன்றைத் திரும்பத் தொடங்கப் பத்துப் பேர் காணும் என்று லண்டன்காரர் காட்டியிருக்கினம். அதோடு இன்னொரு வேலையும் இருக்கு. டைனமோ ஓட்டத்துக்கு முடக்கு முடக்காக எழுதின கடதாசி உண்டு. கிளாலிக்குப் போன பாதைக்கு அப்படியொரு கடதாசி இல்லை. அது எங்கட அப்பா, மாமி, பெரியப்பாமாரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கு. எந்த ஒழுங்கையால் இறங்கினவை, எந்தச் சந்தியில் லைற்றை நிற்பாட்டினவை, ஆர் முன்னுக்குப் போனது என்று அவையிட்டக் கேளுங்கோ. கேட்டதை எழுதி வையுங்கோ.